ஞானம் மிஸ்ஸிக்குப் பொன்னாடை போர்த்திய ஞாயிற்றுக்கிழமை

டயகம பக்கம் போக வழி கேட்டு அடிக்கடி எழுதுகிறீர்கள். அந்தப் பாதையில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மனதில் நிற்பது ஒரு பயணம்தான். அதைச் சொன்னால் வழியையும் சொன்னதாகிவிடும்.

எழுபதுகளின் கடைசி, தை மாதம். நான் ஹட்டனில் ஆசிரியையாக இருந்தேன். டயகமவுக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், மருத்துவிச்சி ஞானத்துக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அவர் ‘மிஸ்ஸி’. பாராட்டு என்று பெயர், உண்மையில் அது வழியனுப்பு. தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி, கணவர் என்றோ நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. வியாழக்கிழமை குடும்பத்தோடு தலைமன்னார்க் கப்பலுக்கு ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, ஏற வேண்டும். மிஸ்ஸி பிறந்தது இங்கேயே, பூண்டுலோயாவில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

என்னோடு ஹட்டனில் இருந்த அம்மாவும் வருகிறேன் என்றார். எனக்கு ஆச்சரியம். அக்கா இறந்த பிறகு ஐந்து வருடமாக அவர் அந்தத் தோட்டத்தில் கால் வைக்கவில்லை.

காலை ஆறேகாலுக்கு ஹட்டனில் பஸ். தலவாக்கலை பதினொரு மைல், ஏழுமணிக்குப் போய்விட்டோம். அங்கே பால் ஊற்றாத பிளேன்டீ குடித்துவிட்டு, ஏழு நாற்பதுக்கு டயகம பஸ்ஸில் ஏறினோம். இருவருக்கும் மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. ஏறக்குறைய பதினாறு மைல்தான், ஆனால் இரண்டு மணி நேரம் உருட்டும். பஸ்ஸில் குமட்டல் வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருவது நல்லது.

கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “மிஸ்ஸி கூட்டத்துக்கா போறீங்க டீச்சர்? எங்க ரெண்டு புள்ளைங்களும் அவங்க கையிலதான் பொறந்துச்சு. அவங்களையும் அனுப்பிப்புட்டா இங்க யாரு இருக்கா?” அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐந்து வருடத்துக்கு முன், என் அக்கா ராசாத்திக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். தோட்டத்து லொறி தொழிற்சாலை வாசலில் நின்றது. தோட்ட மேலாளரான தொரை கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு இல்லாமல் லொறியை எடுக்கக் கூடாது என்பது சட்டம். தொரை வேறு டிவிசனுக்குப் போயிருந்தார். மிஸ்ஸி பங்களாப் படியில் மழையில் இரண்டு மணி நேரம் நின்றார். கடைசியில் ஆண்கள் அக்காவைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடையைக் கீழே வைத்தார்கள். பிரசவ வலி என்றால் துண்டு கேட்காமல் லொறி வர வேண்டும் என்றார்கள். முன்னால் நின்றவர் மிஸ்ஸி. அவர் மாதச் சம்பளக்காரர், வேலையே போயிருக்கலாம். பதினொரு நாள் கொழுந்து எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தொரை இறங்கி வந்தார். பிறகு பழைய சாமான் அறையை வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போட்டுப் பிரசவ அறையாக்கினார் மிஸ்ஸி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய்க் கர்ப்பிணிகளின் கண் இமையை இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் இரத்தம் குறைவென்று, கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்ப விடமாட்டார். அதன்பின் எங்கள் தோட்டத்தில் ஒரு தாயும் வழியில் சாகவில்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மைல் ஏற்றம். நாற்பது நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா நின்று நின்றுதான் நடந்தார். அக்காவைத் தூக்கி வந்த வழியும் அதுதான்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். தொட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். பதினொன்றரை மணிக்குத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் பேசி முடித்து, பொன்னாடையை விரித்தார். மிஸ்ஸி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மிஸ்ஸியின் கண் கடைசி வரிசையில் இருந்த அம்மாவைத் தேடியது.

“இத போட்டுக்குறதுக்கு முந்தி ஒன்னு சொல்லணும். அன்னைக்கி டிரைவர் சாவியோட எங்கிட்ட வந்தாரு. துண்டு வேணாம் மிஸ்ஸி, வாங்க போவோம்னாரு. நாந்தான், சட்டப்படி வாங்கிட்டே போவோம்னு நிறுத்தி வச்சேன். ராசாத்திய நான் அன்னைக்கே கெளப்பியிருக்கலாம். இதச் சொல்லாம கப்பல் ஏற முடியல.”

ஐந்து வருடமாக அந்தப் பெண்ணைத் தெய்வமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றியது.

அம்மா எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து முன்னால் போனார்.

“டிரைவரு மொதல்ல எங்கிட்டதான் வந்தாரு மிஸ்ஸி. வேல போயிரும், லயத்த விட்டு எறக்கிப்புடுவாங்கன்னு பயந்து, மிஸ்ஸியக் கேளுங்கன்னு நாந்தான் அனுப்புனேன். பெத்தவ நானே பயந்தேன். ஒங்களப் பாத்தா அது ஞாபகம் வருமேன்னுதான் இந்தப் பக்கம் வரல. ஒங்க மேல கோவம்னு நெனச்சீங்களா?”

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தலைவரிடமிருந்து பொன்னாடையை வாங்கி அம்மாவே போர்த்திவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பிறகு தேநீர் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் ஹட்டன் நிலையத்துக்கு நானும் அம்மாவும் போனோம். தலவாக்கலையில் ஏறியவர்கள் எல்லாப் பெட்டியிலும் அழுதுகொண்டே வந்தார்கள். கோச்சி நின்ற சில நிமிடத்தில் மிஸ்ஸியைக் கண்டுபிடித்துக் கையைப் பிடிக்க மட்டுமே முடிந்தது.

ஒரே ஒரு கடிதம் வந்தது. திருச்சிப் பக்கம் ஏதோ ஊர். இங்கே படித்த சான்றிதழை அங்கே ஏற்கவில்லையாம், களையெடுக்கப் போகிறாராம். “இங்க ஒரு புள்ளயும் என் கையில பொறக்கல” என்று எழுதியிருந்தார். நான் போட்ட பதிலுக்குப் பதில் வரவில்லை.

போகிறவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள். காலை பஸ்ஸைத் தவறவிடாதீர்கள், திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை அவசியம். நான் கடைசியாகப் போனபோது பிரசவ அறையில் உரமூட்டைகள் இருந்தன. இப்போது எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், துண்டு கேட்பாரில்லை. அங்கே ஞானம் என்ற பெயரில் நடுவயதுப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது கேளுங்கள், அறையைக் காட்டுவார்கள்.