ஒரே பாத்திரம்

என் அக்கா ராணியம்மாள் போன மாதம் இறந்துபோனாள். தையல் டீச்சர் என்றால்தான் திருவண்ணாமலையில் பலருக்கும் அவளைத் தெரியும். அடக்க ஆராதனையில் பேசியவர்கள் அவளுடைய ஜெப வாழ்க்கையைப் பற்றிச் சொன்னார்கள். அவள் பல மாதங்கள் திருவிருந்து எடுக்காமல் இருந்ததை யாரும் சொல்லவில்லை.

1996ல் எங்கள் சபையார் சிலர் செங்கம் சாலையில் ஒரு வாடகை வீடு எடுத்து, குடியையும் கஞ்சாவையும் விட வந்த பையன்களைத் தங்கவைத்தார்கள். அக்கா சனிக்கிழமைதோறும் அங்கே போவாள். பிரசங்கம் செய்ய மாட்டாள், தைக்கச் சொல்லிக்கொடுப்பாள். "கை நடுங்கறவன் ஊசியில நூல் கோத்துட்டா அதுவே ஜெபம்தான்" என்பாள்.

அங்கே வந்தவர்களில் அறிவுச்செல்வன் கீழ்பென்னாத்தூர்க்காரன், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை. லாரியில் கிளீனராகப் போய்ப் பிராந்தி பழகியவன். அவன் கொஞ்சம் தேறியதும் அக்கா சந்தோஷமாக அவனைச் சர்ச்சுக்குக் கூட்டிவந்தாள். அன்று திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில் தரும் நாள். எங்கள் சபையில் கடையில் வாங்கிய ஒயின்தான். பழகிப்போன எங்களுக்கு அது ஒயின் என்றே தோன்றுவதில்லை.

முழங்காலில் நின்ற வரிசையில் பாத்திரம் நெருங்கியது. வாசனை எட்டியதும் அவன் தொண்டை ஏறி இறங்குவதை அக்கா பார்த்தாள். சட்டென்று அவன் வாய்க்கு முன்னால் கையை நீட்டி, "வேணாம்பா, எழுந்திரு" என்றாள்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவன் எழுந்து விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். அங்கேதான் பிராந்திக் கடை. அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"நான் பாவின்னு எல்லார் எதிர்லயும் காட்டிட்டீங்க இல்ல, டீச்சர்?"

"அய்யோ, அது ஒயின்டா! ஒரு வாய் உள்ள போனா என்ன ஆவும்னு உனக்கே தெரியும். யோசிக்காம உன்ன அங்க முட்டி போட வெச்சது என் தப்பு."

"அப்ப எனக்கு எப்பவுமே கிடையாதா?"

"உனக்குக் கெடைக்கற வரைக்கும் எனக்கும் வேணாம். வா, கடைசி பெஞ்சுல உக்காரலாம்" என்றாள் அக்கா. அவன் கடையைப் பார்த்தான், அவளுடைய வெறுங்காலைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

அதன்பின் திருவிருந்து ஞாயிறுகளில் இருவரும் கடைசி பெஞ்சிலேயே இருந்தார்கள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் திருவிருந்து எடுக்கக் கூடாது என்பார்கள். பெண்கள் சங்கத் தலைவி அக்காவை வழிமறித்தாள். "யாரோட சண்டை, ராணி? என்னோடன்னா சொல்லிடு, மன்னிப்பு கேட்டுக்கறேன். ஆனா நான் என்ன செஞ்சேன்னு தெரியணும்!" அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். காரணம் சொன்னால் பையனின் கதை ஊர்ப்பேச்சாகிவிடும்.

கடைசியில் போதகரே கூப்பிட்டுக் கேட்டார். அறிவுச்செல்வனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, அக்கா நடந்ததைச் சொன்னாள்.

"இவ்ளோதானா? அவனுக்கு மட்டும் தனியா ஒரு கப்ல ஜூஸ் குடுத்துடலாமே" என்றார் அவர்.

"தனிக் கப்பா? எங்கப்பாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வெச்சாங்க, ஐயா. அது வேணாம்னுதான் அவரு இங்க வந்தாரு."

"அப்ப எல்லாருக்குமே ஜூஸ்தான்" என்றார் போதகர்.

அடுத்த திருவிருந்துக்கு அக்கா உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். சபை முழுவதும் அதையே குடித்தது. இனிப்பு ஜாஸ்தி என்று சிலர் முணுமுணுத்தார்கள். அறிவுச்செல்வன் குடித்த பிறகுதான் அக்கா வாய் வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவன் ஒருமுறை மறுபடியும் குடித்துவிட்டான். அந்த மாதமும் அக்கா கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறிப்போய் அவனை அழைத்துவந்து பக்கத்தில் முழங்காலிட வைத்தாள். அப்போதும் பாத்திரத்தில் திராட்சைச் சாறுதான்; அதில் அவன் பயப்பட எதுவும் இல்லை.