கோப்ரல் மாத்தயாவின் ஊன்றுகோல்

இறந்தவர் படம் எது வந்தாலும் கோட்டும் டையும் போட்டுக் கொடுப்பதுதான் பலாங்கொடையில் என் ஸ்டூடியோவின் வழக்கம். வீட்டாருக்கும் அதுதான் பிடிக்கும்.

நேற்று கோப்ரல் மாத்தயாவின் படம் வந்தது; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நாளை அவருடைய மூன்று மாதத் தானம், இறந்தவர் நினைவாகப் பிக்குகளுக்கு அன்னமிடும் நாள். அங்கே வைக்கப் பெரிதாக்கித் தரச் சொன்னார்கள் அவருடைய பழைய ஆர்மிக் கூட்டாளிகள்.

யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர். அதற்குப் பிறகு, காயப்பட்ட மற்றச் சிப்பாய்களின் பென்ஷனுக்காக ஒவ்வொரு ஆபிஸாக ஏறி இறங்கியவர்.

மரியாதையாக இருக்கட்டும் என்று சீருடை போட்டேன். ஊன்றுகோலை அழித்துவிட்டு இரண்டு காலும் வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலை படத்தை வாங்க ராசு அண்ணன் வந்தார். ஓப்பநாயக்க பக்கம் தோட்டத்தில் இருப்பவர், அவரும் பழைய ஆர்மிதான். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்தார்.

"இது யாருங்க தம்பி?"

"என்னண்ணே, நம்ம கோப்ரல் மாத்தயா."

"இவர எனக்குத் தெரியாதுங்க. என் பென்ஷன் நின்னப்ப, கட்டைய ஊனிக்கிட்டு மூணு தரம் என்கூட கொழும்புக்கு பஸ் ஏறி வந்தாரே ஒருத்தரு, அவரு படத்தத்தான் கேட்டோம்."

சீருடையைக் கழற்றினேன், பழைய வெள்ளைச் சட்டையும் சாரமும் திரும்பி வந்தன. ஒரு காலை எடுத்தேன். கடைசியாக, ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்தேன்.

"இப்ப வந்துட்டாரு," என்றார் ராசு அண்ணன், மெதுவாக.

இறந்தவருக்குக் கால் கொடுத்து, மறுநாளே அதைப் பிடுங்கிக்கொண்ட ஸ்டூடியோக்காரன் நான் ஒருவன்தானா? வேறு யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள்.