ஏழாம் நாள் திறந்த பெட்டி

சன்னாசியைத் தேனீ கொட்டாது என்று மலாயாவில், லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். கொட்டும், அவன் கத்தமாட்டான், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்ப் பெட்டியில் அவன் வளர்த்த கூட்டைப் பெரிய துரை ஒரு நாள் பார்த்தார். பெட்டி பங்களாவுக்குப் போயிற்று. சன்னாசியும் பால்வெட்டை விட்டு அதன் பின்னாலேயே போனான்.

1927இல் மகள் நீலாவதி பிறந்தபோது துரை மனமிரங்கினார். பெட்டியில் தேன் இருக்கும்வரை சன்னாசி பெண்சாதி பஞ்சாலையும் பங்களாவிலேயே புல் பிடுங்கலாம் என்றார். கொய்யா மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, அழுதால் ஓடிப்போய்ப் பால் கொடுப்பாள். மற்றப் பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? முப்பதாம் நாளே விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நிற்கவேண்டும். பிள்ளை ஆயாக் கொட்டகையில் கஞ்சித்தண்ணி குடிக்கும். முந்தின வருஷம் மட்டும் அந்தக் கொட்டகையிலிருந்து ஒன்பது பிள்ளைகளைத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். அந்தப் பெட்டிதான் தன் மகளின் உயிர் என்று சன்னாசிக்கு நன்றாகத் தெரியும்.

பெட்டியைக் கெடுத்தவர் துரைதான். விருந்தாளிகளுக்கு ராணியைக் காட்டுகிறேன் பேர்வழி என்று தேனடையைத் தூக்கினார். கட்டைவிரலுக்கடியில் ராணி நசுங்கிப்போயிற்று.

சன்னாசி பெட்டியை மூடினான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனனை இங்கிலீஷில் சொல்லவைத்துத் துரையிடம் சொன்னான்: "புது ராணிய அதுங்களே உண்டாக்கிக்கும் தொரைங்களே. இருவது நாளைக்குப் பொட்டிய யாரும் தொறக்கப்படாது. அது போதும்."

ராணியும் வேலைக்கார ஈயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகின்றன. பிறந்த புதிதில் எல்லாப் புழுவுக்கும் வேலைக்கார ஈ தன் வாயில் சுரக்கும் வெள்ளைக் கூழை ஊட்டும். மூன்று நாள் போனால் நிறுத்திவிடும். ராணியாக்க நினைக்கிற புழுவுக்கு மட்டும் நிலக்கடலைத் தோடு போலத் தனியறை கட்டி, கடைசிவரை அதையே ஊட்டும். மூன்று நாள் தாண்டிய புழுவுக்கு எவ்வளவு கொட்டினாலும் அது ராணியாகாது. புது முட்டையிட ஆளில்லாத கூட்டில், கட்டிய அறை போனால் போனதுதான்.

ஏழாம் நாள் துரைசானி கரண்டியோடு வந்தாள். அந்தக் கூழ் முகத்துக்கு நல்லதென்று கிளப்பில் யாரோ சொன்னார்களாம்! அவளுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் அர்ச்சுனன் நின்றார்.

"ஐயா, அத தொட்டா கூடே அழிஞ்சிரும்னு அம்மாகிட்டச் சொல்லுங்கய்யா!"

"தொரசானிக்கே புத்தி சொல்லச் சொல்றியா? வாய மூடுலா!"

ராணிக்கென்று கட்டியிருந்த நாலு அறையையும் பிய்த்து வழித்துக்கொண்டு போனாள். மகராசி, கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஒரு மாதத்தில் ஈயெல்லாம் அழிந்து பெட்டியில் எறும்பு ஏறியது. துரை காரணம் கேட்டார். "சன்னாசிக்குக் கவனம் போதாது" என்று அர்ச்சுனன் இங்கிலீஷில் சொன்னார். அதைச் சன்னாசியிடம் தமிழில் சொல்லும்போது அவருக்கு நாக்குக் கூசவில்லை.

புருஷனும் பெண்சாதியும் ஒன்பதாம் நம்பர் ரப்பர்க் காட்டுக்குப் பால் வெட்டப் போனார்கள். பிள்ளையை விட்ட ஆயாக் கொட்டகைக்கும் காட்டுக்கும் இரண்டு மைல். பத்து மணிக்கெல்லாம் பஞ்சாலையின் ரவிக்கை நனைந்துவிடும். மார்க்கடுப்புத் தாங்காமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மகளுக்கு உள்ளதைத் தரையில் பீய்ச்சிவிட்டு அழுவாள். கொட்டகையில் ஓர் ஆயாவுக்கு முப்பது பிள்ளைகள். யாருக்கென்று ஊட்டுவாள் அவள்? நீலாவதிக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அன்றும் பஞ்சாலை காட்டில்தான் இருந்தாள். வயிறு எரிகிறது, சொல்லவே.

மறுவருஷம் அதே காட்டில் ஒரு மரப்பொந்தில் நல்ல கூடு ஒன்று சன்னாசி கண்ணில் பட்டது. பார்க்காதவன் போல ஒரு வாரம் அதைத் தாண்டிப் போனான். எட்டாம் நாள் பொந்துக்குள் வெறுங்கையை விட்டு ராணியோடு பிடித்து, பங்களாவில் கொண்டுபோய் வைத்தான். கை இரண்டும் வீங்கியிருந்தன.

துரைக்குச் சந்தோஷம். என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"இந்தத் தடவையாச்சும் ராணியக் கொன்னுடாதேங்கறாரு" என்றார் அர்ச்சுனன்.

"சரிங்கய்யா" என்று சன்னாசி சலாம் வைத்தான். "பஞ்சாலைக்கு இது அஞ்சாம் மாசங்க. மறுபடி அந்தப் புல்லு வேல கெடைக்குமான்னு தொரகிட்டக் கேட்டுச் சொல்லுங்கய்யா."