மூக்கு சொன்னதும் ப்ளக் சொன்னதும்

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் என்னுடையது. ஆபீஸில் பாதிப் பேர் இதை நம்புவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே வாங்கி, நானே பழகி, குட்வில் எஸ்டேட் மேட்டில் நானே விழுந்து எழுந்த வண்டி. என் கணவருக்கு அதன்மேல் உரிமை கிடையாது, ஆசை மட்டும் உண்டு. ஆசை முற்றியபோது மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் ஒரு சாக்குப் பொட்டலம் வந்தது. உள்ளே, ஏதோ சின்னக் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர்.

"எஞ்சினுக்குக் கூடக் கொஞ்சம் காத்து ஊதி விடுது, அவ்வளவுதான்" என்றார். அவர் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். ஊர் முழுக்க ஃபேன் மாட்டுகிறவருக்கு எதைப் பார்த்தாலும் ஃபேனாகத் தெரிகிறது.

ஒரே நிபந்தனையோடு சம்மதித்தேன்: பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. என் வண்டிக்கு இப்போது பிஸ்டன் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் கப்பல் ஏறி வரவேண்டும். அதுவரை ஆபீஸ் ஜீப்பில், சூப்பரிண்டெண்டின் மகன் வாங்கிய மார்க்கைக் கேட்டுக்கொண்டே நான் போக வேண்டும். அதற்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு, அதில் ஊசித்துளை. பொட்டலத்திலேயே பல அளவில் ஜெட் வந்திருந்தது. துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம், எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் ப்ளக் கரி பிடித்துக் கறுக்கும். சிறிதானால் பெட்ரோல் குறைவு, ப்ளக் வெளுக்கும், சூடு தாங்காமல் பிஸ்டனில் ஓட்டை விழும். இரண்டுக்கும் நடுவே டீத்தூள் நிறம் வந்தால் சரி. முழு வேகத்தில் ஓடும்போதே எஞ்சினை நிறுத்தி, உருட்டி ஓரங்கட்டி, ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்துபஸ்திப் பக்கம் ஏர்போர்ட்டை ஒட்டி ரோடு கொஞ்சம் நேராகப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே முழு வேகத்தில் ஓட்டுவது நான். என் வண்டியை வேறு யாரும் அப்படி முறுக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வாரம் பெட்ரோல் கப்பல் வரவில்லை. பெட்ரோல் பங்கை மூடிக் கயிறு கட்டிவிட்டார்கள். சின்ன போட் வைத்து மீன் பிடிக்கிற என் தம்பி ஒரு மஞ்சள் கேனோடு வந்து காப்பாற்றினான்.

முதல் ஓட்டத்தில் ப்ளக் கன்னங்கரேல்.

"பெட்ரோல் ஜாஸ்தி மாப்ள. சின்ன ஜெட் போடு" என்றார் கணவர்.

போட்டான். மறுபடியும் கறுப்பு. அதைவிடச் சின்னது. அப்போதும் கறுப்பு. இருவரும் ப்ளக்கை ஆளுக்கு ஒருமுறை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஜாதகம் பார்ப்பவர்கள்போலத் தலையாட்டினார்கள். எனக்கோ வேறு உறுத்தல். புகை நீலமாக வந்தது. வாடை எங்கேயோ பழகியதாக இருந்தது. எஞ்சினும் மேட்டில் கட்கட்டென்று தட்ட ஆரம்பித்திருந்தது.

"போட்டுல போறப்ப வர்ற நாத்தம் வருதுடா" என்றேன்.

"பெட்ரோல்னா பெட்ரோல் வாசந்தான் வரும்க்கா. டென்ஷன் மத் லோ" என்று, கவலைப்படாதே என்பதை இந்தியில் சொன்னான் தம்பி.

"இன்னும் ஒரே ஒரு ஜெட் குறைச்சா பக்கா" என்றார் கணவர்.

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கேனிலிருந்து ஒரு மூடி பெட்ரோலைப் பழைய செய்தித்தாளில் ஊற்றி, காற்றில் காட்டினேன். சுத்தமான பெட்ரோல் என்றால் தடமே தெரியாமல் பறந்துபோக வேண்டும். தாள் காய்ந்தது. நடுவில் பஜ்ஜி வைத்து எடுத்ததுபோல் எண்ணெய் வட்டம்.

தம்பி அதைப் பார்த்தான், கேனைப் பார்த்தான், பிறகு என் கண்ணைத் தவிர்த்துக் கடல் இருக்கும் திசையைப் பார்த்தான். அவன் போட் எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் வாங்கிய கையோடு ஆயிலைக் கலந்துவிடுவது அவன் பழக்கம். கலந்ததை மறந்துவிடுவது அவன் சுபாவம். ப்ளக்கைக் கறுப்பாக்கியது ஆயில். அதைப் பெட்ரோல் அதிகம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜெட்டாக என் பிஸ்டனைப் பட்டினி போட்டிருக்கிறார்கள் இந்த இரண்டு மேதைகளும்.

வண்டியை வீட்டுக்குத் தள்ளி வந்து, கணவர் எஞ்சினின் தலையைக் கழற்றினார். பிஸ்டன் மேல் விளிம்பில் மணல் தெறித்தாற்போல் சில குழிகள். அந்த இன்னும் ஒரே ஒரு ஜெட்டோடு நான் முறுக்கியிருந்தால் அங்கே ஓட்டைதான்.

"நாத்தம் வருதுன்னு அப்பவே சொன்னேன்" என்றேன்.

"சொன்ன" என்றார். திருமணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

கப்பல் வந்தது. டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவி, புது பெட்ரோல் ஊற்றி, வந்த பொட்டலத்திலேயே பெரிய ஜெட்டாகப் பார்த்துப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட் ரோட்டில் முறுக்கினேன். சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது, வண்டி கையை விட்டுப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. எஞ்சினை நிறுத்தி உருட்டி ஓரங்கட்டி, அவர்கள் ஓடி வருவதற்குள் நானே ப்ளக்கைக் கழற்றினேன்.

டீத்தூள் நிறம். என்னை மீறி அழுகை வந்துவிட்டது.

"என்னாச்சுக்கா?" என்றான் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"ப்ளக் கையைச் சுட்டிருச்சு" என்றேன். என் கையில் கனமான தோல் கையுறை இருந்தது. இருவரும் நம்பினார்கள்.