மாலை போடாத கார்த்திகை

கார்த்திகை மாதம் வந்தால் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் எனக்கு இரட்டை வேலை. என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். விடியுமுன் குளியல், தனிப் பாத்திரம், வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், சாயங்காலம் மறுபடி குளியல், பூஜை. மாலை போட்டவரை "ஏங்க" என்று கூப்பிடக் கூடாது, "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, மோட்டாரை நிறுத்துங்க சாமி, டேங்க் வழியுது" என்று நான் மாடிப்படியில் நின்று கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். மாதத்தில் மூன்று நாள் நான் மாடி அறைக்குப் போய்விட வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? எனக்கு இருந்ததில்லை.

அப்படிப் பதினேழு வருஷம் போய் வந்தார். பதினெட்டாவது வருஷம் போகிறவர்கள் ஒரு தென்னங்கன்றை எடுத்துப்போய் மலையில் நட்டுவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு அவர்களே குருசாமி. மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடலாம், இருமுடி கட்டிவிடலாம். அந்தப் பதினெட்டாவது வருஷத்துக்காக, ஒரு நெற்றுத் தேங்காயை முளைக்கப் போட்டு, காலி பெயிண்ட் வாளியில் கன்று வளர்த்து வைத்திருந்தார் இவர். ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் போய் அதைத்தான் பார்ப்பார். என்னை அப்படிப் பார்த்ததாக நினைவில்லை.

அந்த வருஷம் பார்த்துத்தான் கோல்ஃப் வந்து சேர்ந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இவர் மேனேஜர். எம்.டி. வெளிநாட்டுக்காரர். அந்த மனுஷனுக்கு நம் ஊர் வெயில் ஆகாது, காரம் ஆகாது, கோல்ஃப் மட்டும் ஆகும். வேலைக்காலம் முடிந்து தன் நாட்டுக்குத் திரும்புவதற்கு முன் கொடைக்கானல் மலையில் மூன்று நாள் தங்கி கோல்ஃப் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார். யார் ஏற்பாடு செய்வது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் இவரைக் கை காட்டினார்கள். வருஷா வருஷம் ஒரு வேன் நிறைய ஆட்களைச் சபரிமலைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருகிறவருக்கு, மூன்று பேரைக் கொடைக்கானலுக்கு அனுப்புவது ஒரு வேலையா?

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம், நீயும் வந்துவிடு என்று எம்.டி. இவரிடம் சொல்லிவிட்டார். அப்போது தொழிற்சாலை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பதவி காலியாக இருந்தது. அது யாருக்கு என்பதை எம்.டி.தான் கிளம்புவதற்கு முன் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மூன்று நாள் அவர் கூடவே நடக்கிற ஆளுக்குத்தான் அது என்று இவர் நம்பினார். ஆபீஸே நம்பியது. நானும்தான் நம்பினேன்.

போவது கிறிஸ்துமஸ் விடுமுறையில். மண்டல பூஜைக்கு எங்கள் தெரு வேன் சபரிமலைக்குக் கிளம்புகிற அதே நாள்.

"அவங்களை வேற நாள் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றேன்.

"எம்.டி.கிட்ட நாள் மாத்தச் சொல்றதா? நல்லா இருக்கே."

"இல்லன்னா மாலையோடவே அங்க போங்க. மலைக்கு அப்புறமா ஜனவரியில போய்க்கலாம்."

"கால்ல ஷூ, கையில தோல் கிளவுஸ், ராத்திரி அவங்க குடிக்கிற டேபிள்ல கறுப்பு வேட்டியோட உக்காந்து வாழைப்பழம் உரிக்கச் சொல்றியா? போன வருஷமே மெஷின் ஓடுற ஷாப் ஃப்ளோருக்கு வெறுங்காலோட வந்தேன்னு சேஃப்டியில கம்ப்ளைண்ட். இந்த ஒரு வருஷம்தானே. அடுத்த வருஷம் போனா கன்னும் கொஞ்சம் பெருசாயிருக்கும்."

எங்கள் தெருக் குழுவின் குருசாமி தாம்பரத்தில் ரயில்வே வேலை பார்ப்பவர். கார்த்திகை பிறப்பதற்கு முதல் நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சாமி, பதினேழு தபா வந்துட்டு இப்பப் போய் நிக்கிறியே?"

"ஆபீஸ்ல விட மாட்டேங்கறாங்க குருசாமி."

"சரி, வுடு. அவரு கூப்டாத்தான் நாம போவ முடியும். நம்ம கையில இன்னா கீது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். அவர் ஆறுதலாகச் சொல்லிவிட்டு, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கார்த்திகை முதல் நாள் பழக்கதோஷத்தில் இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இவரும் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். சாயங்காலம் குருசாமி வீட்டிலிருந்து பஜனைச் சத்தம் வந்தபோது இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, அணைத்தே விட்டார். பதினேழு வருஷமாக நான் திட்டிக்கொண்டே செய்த வேலை இல்லாமல் போனது எனக்கே பிடிக்கவில்லை.

ஆனால் கோல்ஃப் பயிற்சி மட்டும் மும்முரமாக நடந்தது. எம்.டி. கழித்துப்போட்ட பழைய மட்டைகள் இரண்டை டிரைவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போய்விடுவார். அங்கே புதிதாகப் போட்டிருந்த ஒரு மனைப்பிரிவில் புல் வெட்டி, நம்பர் போட்ட கல் நட்டு, வரிசையாக மஞ்சள் கொடி கட்டியிருந்தார்கள். கோல்ஃப் மைதானத்திலும் கொடிதானாம், புல்தானாம். ஒரு நாள் நானும் கூடப் போனேன். நாலு தரம் மண்ணை அடித்தால் ஒரு தரம் பந்தில் பட்டது. காவல்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சார், மனை பாக்க வந்துட்டு மண்ணப் பேத்துகினு கீற?"

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்லை வழியெல்லாம் பிய்த்துக்கொண்டே வந்தார்.

ஆட்டம்தான் அப்படி. ஏற்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் கொடைக்கானல் ஹோட்டலுக்குப் போன். வெந்நீர் விடியற்காலையில் வருமா, ரொட்டி எங்கே வாங்குகிறீர்கள், குடை இருக்கிறதா, மட்டைப் பை தூக்க ஆள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நாலு அறையும் இவர் பெயரில்தான். அங்கே போன் எடுக்கிற ஹோட்டல் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் இவர் பெயரும் இவர் குரலும்தான். மலை வளைவில் வாந்தி வந்தால் வாயில் போட எலுமிச்சை மிட்டாய், பிளாஸ்டிக் கவர், வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், உடைக்கத் தேங்காய், கற்பூரம். சபரிமலை வேனுக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் செய்தார். புது ஷூவும் ஸ்வெட்டரும் வாங்கிக் கட்டில் மேல் வைத்திருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றாமல் அந்த ஸ்வெட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நம்ம கஸ்டமர் கம்பெனியில பர்ச்சேஸ் பார்க்கிறவர் இருக்காரே, அவருக்கும் கோல்ஃப் தெரியுமாம். நானும் வரேன்னு சொல்லிட்டாராம்."

"அதனால?"

"நாலு பேர்தானே ஆட முடியும்."

"அஞ்சாவது ஆளா கூடப் போங்களேன். சும்மா பார்த்துட்டாவது வரலாமே."

"வண்டியில இடம் இல்ல. எம்.டி. தோள்ல தட்டி, ஏற்பாடெல்லாம் பிரமாதம், நீ இங்கிருந்தே போன்ல பார்த்துக்கோன்னு சொன்னார்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அந்த ஆள் மேல் ஆத்திரம் வந்தது. தோளில் தட்டினானாம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"குருசாமிகிட்ட நான் போய்ப் பேசட்டுமா? நாளைக்கு வேன்லயாவது..."

"விரதம் இல்லாம, இருமுடி இல்லாம அந்தப் படியில கால் வைக்க முடியுமா? பேசாம இரு" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் கோல்ஃப் வண்டி முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. எம்.டி.யைக் கூட்டிப்போகுமுன் மிட்டாயும் கவரும் குடையும் ஏற்ற வேண்டும் அல்லவா? வழிக்கு மிளகாய்ப்பொடி தடவாத இட்லி கட்டிக் கொடுத்தவள் நான்தான். இவர் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து டிரைவரை அனுப்பினார்.

வெயில் ஏறிய பிறகு எங்கள் தெரு வேன் கிளம்பியது. சரண கோஷம் தெருமுனையிலேயே கேட்டது. இவர் பேன்ட் சட்டையோடு கேட் அருகில் போய் நின்றார். வேன் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் வழியாகக் குருசாமி கை நீட்டினார். இவர் கும்பிடக் கையைத் தூக்கியபோது சட்டைப்பையில் போன் அடித்தது. குடை எந்தப் பையில் இருக்கிறது என்று எம்.டி. கேட்கிறார். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "எஸ் சார், பின்னாடி பையில சார், எஸ் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேன் போய்விட்டது.

எம்.டி. ஜனவரியில் தன் நாட்டுக்குப் போனார். கூட ஆடியவர்களில் ஒருவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார்.

அடுத்த கார்த்திகை நெருங்கியதும் நானாகவே பரணிலிருந்து விரதப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். பார்த்தார்.

"எடுத்து உள்ள வை. இந்த வருஷமும் இல்ல."

"ஏன்? இப்ப யாரு விட மாட்டேங்கறாங்க?"

"கூப்பிடல."

"யாரு வந்து கூப்பிடணும்? மலையில இருக்கிறவரு கோபம்னு உங்ககிட்ட வந்து சொன்னாரா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். குருசாமி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் அதே பதில்தான்.

அந்தக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வீட்டு போன் அடித்தது. கொடைக்கானல் ஹோட்டலிலிருந்து அந்தப் பையன். இவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். எதிர்முனைக் குரல் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"சார், போன வருஷம் நாலு ரூம் போட்டு வந்தீங்களே. இந்த வருஷமும் வர்றீங்களா? போன தடவை எல்லாம் நல்லா இருந்துச்சா சார்? கிளம்புற அவசரத்துல கேக்க விட்டுப்போச்சு."

நான் வரவே இல்லையப்பா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இவர் போன் ஒயரை விரலில் சுற்றினார்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றார். "பனிதான் ஜாஸ்தி. அந்த வளைவுல கொஞ்சம் வயித்தைப் பெரட்டிடுச்சு. மத்தபடி எல்லாம் நல்லா இருந்துச்சு. இந்த வருஷம் வர முடியாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் நான் நிற்பதைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். கன்று என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது. வேர் முட்டிப் பெயிண்ட் வாளி பக்கவாட்டில் வெடித்துவிட்டது.

"தரையில வெச்சிடலாங்க. இங்கயே நல்லா வரும்" என்றேன்.

"வேணாம்" என்றார். "இதைவிடப் பெரிய வாளி இருந்தா பாரு."

அரிசி கொட்டி வைத்திருந்த டிரம்மைக் காலி செய்து கொடுத்தேன்.