கம்பெனி டயர்

புது வண்டியோடு வருகிற டயரே போதுமா, மாற்ற வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். கேட்பவர்மேல் தப்பில்லை. பிக்கப் ஓட்டிப் பிழைத்தவன் நான்; என்னிடம் கேட்காமல் ஜோசியரிடமா போய்க் கேட்பார்கள்? ஆனாலும் கோபம் வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வியோடு ஒரு சாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஜனத்தின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில்தான் நான் பிக்கப் வாங்கினேன். கல்வராயன் மலைக்கு ஏறி, சாமையோ கடுக்காயோ புளியோ, அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை ஏற்றிவந்து சின்னசேலத்துக் கடைகளில் இறக்குவது என் தொழில். வண்டி வந்த அன்று பூஜை போட என் தங்கை புருஷனோடு வந்திருந்தாள். நான்கு டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான். புது டயரின்மேல் முடி முடியாக நீட்டிக்கொண்டிருந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்து, உன் தாடையைவிட இதில்தான் முடி நிறைய இருக்கிறது அண்ணா என்று கிண்டல் செய்தாள்.

அன்றே டயர் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. கம்பெனி டயரில் கோடு கோடாகத்தான் வெட்டு இருக்கும். அது தார் ரோட்டுக்கு. மலைக்குப் போகிற வண்டிக்குக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தங்கை வீட்டுக்காரரும் சொன்னார். வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எல்லோர் வாயையும் அடைத்தேன். வறட்டுப் பிடிவாதம் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அதே டயரில் வெள்ளிமலைக்கு ஏறி இறங்கினேன். காற்றைச் சரியாகப் பார்த்துக்கொண்டு, பேராசைப்பட்டு மூட்டை ஏற்றாமல் இருந்தால் கம்பெனி டயர் தாராளமாகப் போதும். ஊறிக்கிடக்கிற களிமண்ணில் மட்டும் போதாது. அங்கே பட்டன் டயரும் போதாது; கொஞ்சம் சுற்றியதும் இடுக்கெல்லாம் மண் அப்பி அதுவும் மொழுமொழுவென்று ஆகிவிடும். ஓட்டியவனாகச் சொல்கிறேன், இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தங்கையைக் கச்சிராயபாளையம் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தங்கமான மனிதர். பத்தாவது படித்துவிட்டு, வேலைக்கு அலைந்து அலைந்து பார்த்து, கடைசியில் அப்பாவின் கொல்லை விவசாயத்துக்கே திரும்பியவர். அதனால் போராட்டம் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றார். நாமதான் மண்ணைக் கிளறிக்கொண்டு கிடக்கிறோம், பிறக்கப்போகிற பிள்ளையாவது ஆபீசில் உட்கார வேண்டும் மச்சான் என்பார். என் தங்கை அப்போது நிறைமாசம். எங்கள் அம்மா உயிரோடு இல்லாததால், தலைப்பிரசவத்தைப் புகுந்த வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது.

சாலை மறியல் அறிவித்தபோது நான் சாமை மூட்டைகளோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். தங்கை ஊருக்கு வந்து சேர்ந்ததோடு சரி, அதற்குமேல் வழியில்லை. தேர் இழுக்கும்போது எந்த ஊருக்கு எந்த வடம் என்று பிரித்துக்கொள்வார்களே, அதைப்போல ரோட்டையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் எல்லையில் அவரவர் ஊர்க்காரர்கள்தான் மரத்தை வெட்டிச் சாய்க்க வேண்டும். அடுத்த ஊர்க்காரன் வந்து கோடாலி வைத்தால் மானக்கேடு. மாப்பிள்ளைக்கு நல்ல கை. வாய்க்கால் பாலத்தை ஒட்டி நின்ற பெரிய புளியமரத்தை அவரும் இன்னும் நான்கைந்து பேருமாகச் சாய்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓரமாக ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் விடலாமே என்று கேட்டேன். விட்டால் போலீஸ் ஜீப் அல்லவா முதலில் நுழையும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிரசவத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்லியிருந்ததால் எங்கள் இரண்டு பேருக்குமே வேறு நினைப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை திரும்பியிருக்கிறது, என் கையில் ஆகாது, கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். மூட்டைகளை இறக்கிப் போட்டு, வைக்கோல் பரப்பி, தங்கையைப் பின்னால் படுக்க வைத்தோம். மருத்துவச்சியும் ஏறிக்கொண்டாள். பாலத்தருகே போனதும் மாப்பிள்ளை குதித்து இறங்கி, தான் சாய்த்த மரத்தைத் தானே அறுக்கத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். அந்த அடிமரம் லேசில் அறுபடுகிற மரமில்லை. அறுத்துப் போட்டாலும் அடுத்த ஊர் எல்லையில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று கிடந்தது. சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னார்.

ஏரிக்குள் இறங்கி அந்தப் பக்கக் கரை ஏறினால் கள்ளக்குறிச்சி பக்கம் போய்ச் சேரலாம் என்றார் ஒருவர். ஏரியில் தண்ணீர் இல்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ஒரு மழை அடித்திருந்தது. எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. பாதி தூரம் நன்றாகத்தான் போனேன். கரை ஏறுகிற இடத்தில் பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. மட்டை வெட்டிப் போட்டார்கள், கல் போட்டார்கள், இடுப்பு வேட்டியை அவிழ்த்தும் போட்டார்கள். மரம் வெட்டிய அதே ஆட்கள்தான் சேற்றில் முட்டி போட்டுத் தள்ளினார்கள். சக்கரம் எல்லோர் முகத்திலும் சேற்றை அடித்ததே தவிர வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து என் தங்கை கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு குறைந்தது. மாட்டைப் பூட்டி இழுத்து மேலே ஏற்றுவதற்குள் வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்போது அவள் இல்லை.

காரியத்தன்று உறவு ஜனமெல்லாம் கூடியிருந்தது. யாரோ ஒருவர், எப்படி ஆயிற்று என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பட்டன் டயர் போட்டிருந்தா வண்டி ஏறியிருக்கும். நான் அப்பவே சொன்னன், மச்சான் கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. மரத்தை வெட்டியது யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏணையில் குழந்தை அழுதது. அவர் ஓடிப்போய்த் தூக்கினார். தூக்கத் தெரியாமல் தூக்கி, அதன் தலை சாய, உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நின்றார். அந்தக் கையில் மரம் அறுத்த கொப்புளம் அப்போதும் ஆறவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. என் டயர் கையில் கிடைத்தது.

அதற்குப் பிறகு அதுவே கதையாகிவிட்டது. ஊரில் யாருக்கும் மரம் தெரியாமலில்லை. ஆனால் ஊரே சேர்ந்து செய்த வேலையை யார் வாய்திறந்து சொல்வார்கள்? மாமன் பட்டன் டயர் போடாததால் அம்மா செத்துப்போனாள் என்று கேட்டுத்தான் அந்தப் பெண் வளர்ந்தாள். தாய்மாமன் சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தேன், வாங்கிக்கொண்டாள். என் வண்டியில் மட்டும் ஏறமாட்டாள். ஒருநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கொட்டுகிற மழையில் நின்றவளைக் கூப்பிட்டேன். பஸ் வந்துடும் மாமா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். என் தங்கையின் முகம் அப்படியே அவளுக்கு. அந்த முகம் என்னைப் பார்த்து ஒதுங்குவதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். எங்கள் ஜனத்துக்கு ஒதுக்கிய இடத்தில்தான் சீட் கிடைத்தது. அன்றைக்கு அவள் அப்பா தெருவெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டு, என் கையில் கொடுக்கும்போது மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு இல்லை. அந்த மரம் விழாமல் இருந்திருந்தால் அவளுக்கு அம்மா இருந்திருப்பாள். இதில் எதைச் சரி என்பது, எதைத் தப்பு என்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் அவள் புருஷன் சொந்தமாகப் பிக்கப் எடுத்தான். வண்டியைக் காட்டுவதற்கு அவளும் அவனும் அவள் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். பையன் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது, டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் என் எதிரே வந்து நின்றாள்.

"இவுரு மரவள்ளி ஏத்த மலைக்குத்தான் போய்க்கினு வரப்போறாரு. கம்பெனி டயர் போதுமா மாமா? மறைக்காம சொல்லுங்க."

அவள் கேட்டது புருஷனின் டயரைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. போதும் என்று சொன்னால் அடுத்த கேள்வி நேராக அவள் அப்பாவிடம் போகும். மாப்பிள்ளை தலை நிமிரவில்லை.

"போதாதும்மா," என்றேன். "மாத்திடுங்க. நானும் அப்பவே மாத்தியிருக்கணும்."

அவள் பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்க மாமா. தெரிஞ்சா செஞ்சீங்க? எங்கம்மாவுக்கு உங்க மேல கோவம் இருக்காது. எனக்கும் இல்ல."

அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். தன் அம்மாவை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, அவள் என் கையை விட்டுவிட்டு அவரைத் தேற்றப் போனாள்.