கொட்டகைக்குள் உயர்ந்த கூரை

ராய்ஸ் டட்டிலுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. எண்ணெய்க் குழாய் பதிக்கும் இடங்களில் வெல்டிங் வேலை. ஓர் ஊரின் தண்ணீர் ருசி பிடிபடுவதற்குள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டிவிடுவான். வெர்னாவைக் கட்டிக்கொண்ட பிறகுதான், படுக்கையில் விழுந்த அவளுடைய அப்பாவுக்காக, மிசௌரியில் அவருடைய பண்ணையில் ஒன்பது வருடம் கிடந்தான். கட்டிப்போட்ட நாய் மாதிரி வேலியோரமாக நடந்துகொண்டே கிடந்தான்.

வசந்தத்தில் மாமனார் கண்ணை மூடினார். அடுத்த வாரமே ஏலத்தில் எடுத்த பழைய பள்ளிப் பேருந்து வாசலில் வந்து நின்றது. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு அதிலேயே குடியிருக்கலாம் என்றால், ஆள் ஆறரை அடி, தலை இடித்தது. இத்தனை வருடம் குனிந்தது போதும், கூரையையே உயர்த்துகிறேன் என்று கிளம்பிவிட்டான். பனி விழுவதற்குள் அரிசோனா போய்ச் சேர வேண்டும். அந்த நினைப்பில்தான் உயிரோடு இருந்தான்.

அக்டோபர் மழை விடுவதாயில்லை. அவனுக்கா காத்திருக்கத் தெரியும்? பேருந்தை மாமனாரின் வைக்கோல் கொட்டகைக்குள் ஓட்டிப்போய் நிறுத்தி, ஜன்னல் கம்பங்களையெல்லாம் அறுத்தான். நாலு மூலையிலும் ஜாக்கி. வெர்னா ஒன்று, பக்கத்துப் பண்ணை ஹாலிஸ் ஒன்று, இவன் ஓடியோடி இரண்டு.

"ஹாலிஸ், உன் பக்கம் முந்துது. கூரை கோணிக்கும்!"

"உன் அவசரம் எனக்கும் ஒட்டிக்கிச்சுடா. மூச்சு விடு, அரிசோனா எங்கயும் ஓடிடாது."

"மூச்சை அங்க போய் விட்டுக்கறேன். சுத்து!"

கூரை இரண்டடி எழுந்தது. இடைவெளியில் கம்பத் துண்டுகளைப் பற்றவைத்துத் தகரம் அடித்து முடித்தான். உள்ளே நிமிர்ந்து நின்று வாய்விட்டுச் சிரித்தான். அன்றைக்கே வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தான்.

"நிறுத்துடா! நிறுத்து!" ஹாலிஸ் கத்தினான். பேருந்தின் கூரை கொட்டகை வாசலின் உத்தரத்துக்கு மேலே இருந்தது. "பஸ்ஸுக்கு உன்னை அளந்தியே, வாசலை அளந்தியா?"

"டயர்ல காத்தை இறக்கினா?"

"நாலு விரக்கடை கிடைக்கும். உனக்கு வேண்டியது ஒரு முழம்."

ஹாலிஸ் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். ராய்ஸ் பேருந்தின் படியில் உட்கார்ந்தான். வெர்னா சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் தகரம் அடிச்சப்பவே."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்பவே கூரையை இறக்கி வெளிய ஓட்டியிருப்ப. இத்தனை வருஷம் எங்கப்பாவுக்காக இருந்த. ஒரு குளிர்காலம் எனக்காக இருக்கமாட்டியான்னு பாத்தேன்."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைவிட வேகமாக வெட்கம் வந்தது. அவள் உள்ளே போய் மரம் அறுக்கும் வாளை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

"இந்தா. எங்கப்பா தூக்கி வெச்ச உத்தரம்தான். அறுக்கறதுன்னா அறு, தடுக்கமாட்டேன்."

அவன் கொட்டகை வாசல்வரை நடந்தான். உத்தரத்தைப் பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். கடைசியில் வாளைச் சுவரில் சாத்தினான்.

"வசந்தத்துல அறுக்கறேன்."

"நெசமாவா?"

"திரும்பத் திரும்பக் கேக்காத. கால் இப்பவே அரிக்குது."

பனி விழுந்த அன்று கொட்டகைக்குள் நின்ற பேருந்தில் அவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான், குனியாமல்.